கூடி நினைப்பது

பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. பேருந்தில் போகிற நாற்பது பேருக்கும் ஒரே வழிதான். ஆனாலும் அவை நாற்பது பயணங்கள். வண்டி சேற்றில் சிக்கி, எல்லோரும் இறங்கித் தோள் கொடுக்கும்போதுதான் அங்கே ‘நாம்’ பிறக்கிறது.

அந்த ‘நாம்’ வாழ்க்கை முறையாகவே இருக்கும் இடங்களும் உண்டு. ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்து நெல்லிவாசல்நாடு மலையாளிப் பழங்குடி மக்களின் மண். பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டார் என்பது இம்மலை மக்களின் பழைய ஏற்பாடு. ஊர்ப் பொதுக்காரியம் என்றால் கூடி உட்கார்ந்து பேசியாக வேண்டும். வேளாண்மையும் அப்படித்தான். வானம் பார்த்த சரிவில் சாமை விளைகிறது. குனிந்து களை பறிக்கவும், மழைக்கு முந்தி அறுத்துக் களம் சேர்க்கவும் ஒரு வீட்டுக் கை போதாது.

கூடி நினைப்பதற்கு எல்லோரும் ஒன்றுபோல நினைக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் மறுத்துப் பேசியவரும் மறுநாள் வேலைக்கு வந்து நிற்கிறாரே, அதுதான் பெரிது. அவர் தோற்றவர் அல்லர். அந்த முடிவில் அவருக்கும் பங்குண்டு. பேசவே விடாமல் எடுத்த முடிவுக்கு இந்தப் பலம் வராது.

இப்படிக் கூடிப் பேச நமக்கும் ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், பிறர் சொல்வதையும் கடைசிவரை கேளுங்கள்.