தங்கவயலிற் குடியிருந்தோர்: மகிழ்ச்சியின் குற்றம் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் ஒருவன் ஓரிடத்தில் மகிழ்ச்சியாக வாழ்ந்தான் என்று கூறுவது அவ்விடத்தைப் பற்றிய உண்மையா, அன்றி அம்மனிதனைப் பற்றிய உண்மை மட்டுந்தானா? கோலார் தங்கவயலில் வாழ்ந்து தம் நாடு மீண்ட பிரித்தானியக் குடும்பத்தினரின் நினைவுகளை நோக்குமிடத்து இவ்வினா தவிர்க்கவொண்ணாதபடி எழுகின்றது. அந்நினைவுகளில் ஏறக்குறைய ஒரே சித்திரம் திரும்பத் திரும்பத் தோன்றும். அகன்ற விறாந்தையோடு கூடிய பங்களா, ரோசாச் செடிகள், மாலையிற் கழகத்து நடனம், ஞாயிறன்று தேவாலயமணி, பிள்ளைகளைத் தூக்கித் திரிந்த ஆயா. ‘குட்டி இங்கிலாந்து’ என்று அவ்வூருக்குப் பெயரும் வழங்கிற்று. இந்நினைவுகள் பொய்யல்ல. அவ்வில்லங்களில் அன்பு இருந்தது. பிள்ளைகள் சிரித்து விளையாடினர். அவ்வாறாயின், அவர்களின் மகிழ்ச்சியிற் குற்றம் காண எவருக்கு உரிமை உண்டு? காணாதிருக்கத்தான் எவராற் கூடும்?

அவ்வூர் உண்டான வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு எல்லையிற் கிடந்த வறண்ட பாறைநிலத்தில், லவேல் என்னும் அயர்லாந்துக்காரர், போர்வீரராய் இருந்து ஓய்வு பெற்றவர், 1875இல் பொன் அகழும் உரிமை பெற்றார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜோன் டெய்லர் நிறுவனத்தின் கைக்கு அகழ்வு மாறிற்று. 1894இற் புகையிரதப் பாதை வந்தது. 1902இற் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து தொண்ணூறு மைல் தாண்டி மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துத் தெருக்கள் மின்னொளி பெற மேலும் மூன்றாண்டு காத்திருக்கவேண்டி இருந்தது. சாம்பியன் ரீவ் என்னும் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அவ்வாழத்திற் பாறையைத் தொட்டால் கை சுடும்.

இச்சுரங்கத்துக்கு மேலாளராகவும் மேற்பார்வையாளராகவும் வந்த வெள்ளையர் அனைவரும் பிரபுக்கள் என எண்ணுதல் தவறு. அவருட் பலர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கோர்ன்வால் நாட்டவர். அங்கே செம்புச் சுரங்கங்கள் 1860களில் வீழ்ச்சியுற்றபோது வாழ வழியின்றி உலகெங்கும் சிதறிய தொழிலாளர் குலத்தினர் அவர்கள். அவுஸ்திரேலியா, மெக்சிக்கோ, தென்னாபிரிக்கா எனப் பூமியில் எங்கே குழி தோண்டினாலும் அதன் அடியில் ஒரு கோர்ன்வால்காரன் நிற்பான் என்று பேச்சிருந்தது. 1904இல் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி கோர்ன்வால் சுரங்கத்தாரின் உடல்நலம் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். பாறை துளைப்போர் இளமையிலேயே மடிவதற்குக் காரணம் அவர்தம் நுரையீரலிற் படியும் கற்றூசியே என்பது அதிற் புலப்பட்டது. கோலாருக்கு வந்த வெள்ளை மேற்பார்வையாளனின் தந்தையோ தமையனோ அத்தூசியால் இருமி இறந்தவனாய் இருந்திருத்தல் கூடும்.

மறுபுறத்தே, வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் அயல் மாவட்டங்களிலிருந்தும் தமிழர் வந்தனர். பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு உட்பட்ட சாதியினர். பண்ணையடிமையினும் பாதாளம் மேல் எனக் கருதி வந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வேலைசெய்தனர். மூங்கிற் தட்டிகளால் அடைத்த குடிசைகளின் வரிசைகள் அவர்களுக்கு வீடாயின. அவ்வரிசைகளுக்கு ‘லைன்’ என்று பெயர். இலங்கை மலையகத்து லயங்களை அறிந்தோர்க்கு இச்சொல்லும் புதிதன்று, மேட்டிலுள்ள பங்களாவுக்கும் பள்ளத்திலுள்ள லயத்துக்கும் இடையிலான தூரமும் புதிதன்று.

ஆக, இருவரும் பிழைப்புத் தேடி ஊரை விட்டவர்கள். இருவரும் குழியை நம்பியவர்கள். ஆயினும் ஒருவனைத் ‘துரை’ என்றும் மற்றவனைக் ‘கூலி’ என்றும் உலகம் அழைத்தது. கோர்ன்வாலில் குழியின் அடியில் நின்றவன் கோலாரிற் குழியின் விளிம்புக்கு உயர்ந்தான். அவனை உயர்த்தியது அவன் திறமை மட்டுமன்று. கீழே நிற்பதற்கு வேறொருவன் கிடைத்தமையும் ஆகும். தன் தந்தை இருமியதைக் கேட்டு வளர்ந்தவன், தன் கீழ் வேலைசெய்பவன் இருமியதை எவ்வாறு கேட்டான் என்பதே இவ்விடயத்தில் மிகக் கூர்மையான வினா. மைசூர் அரசு 1940இலேயே இந்நோயை நட்டஈட்டுக்குரிய தொழில்நோயாக விதித்தது. அப்பத்தாண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதின்மருக்கும் அதிகமானோரிடம் அது காணப்பட்டது. ஹோல்டேனின் அறிக்கைக்கும் இவ்விதிக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்குச் சமாதானமாகக் கூறப்படுவது பெரும்பாலும் குடும்பமே. அவன் தன் மனைவி மக்களுக்காக உழைத்தான். அவர்களை அந்நிய மண்ணிற் காப்பது அவன் தலையாய கடமை. சுரங்கத்தின் நீதி அநீதிகளை நிர்ணயித்தவன் அவனல்லன், இலண்டனிலிருந்த பங்குதாரரே. இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் எளிது, ஆயினும் நேர்மையன்று. இல்லறத்தின் கடமைகளை அண்மையிலிருந்து வெளிநோக்கி விரிவனவாகவே எல்லாச் சமுதாயங்களும் கண்டுள்ளன. தன் பிள்ளைக்குப் பாலூட்டிய பின்பே அயலான் பிள்ளையை நினைக்கும் தாயை எந்த அறநூலும் பழித்ததில்லை. ஆனால், தன் பிள்ளைக்குரிய பால் அயலான் பிள்ளையிடமிருந்தே வருமாயின் அக்கடமை என்னாகும்?

இவ்விடத்தில் ஆயாவைப் பற்றி நினைத்தல் வேண்டும். பங்களாவிற் பிள்ளை வளர்த்த பெண் காலையில் லைனிலிருந்து வருவாள். அவளுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். அவர்கள் கிழவியிடமோ மூத்த சகோதரியிடமோ விடப்பட்டிருப்பர். கையிற் கிடந்த வெள்ளைக் குழந்தைக்கு அவள் தாலாட்டியதும் தமிழ், அதட்டியதும் தமிழ். இந்தியாவிற் பிறந்த ஆங்கிலக் குழந்தைகள் பலர் தம் தாய்மொழிக்கு முன்பே ஆயாவின் மொழியைப் பேசினர் என்பது பலரும் அறிந்த செய்தி. எனவே அக்குழந்தை அறியாமையில் வளர்ந்தது என்று கூறுவதற்கில்லை. ஆயா ஏன் அழுகிறாள், அவள் புருஷன் ஏன் இன்று வேலைக்குப் போகவில்லை, லைனில் ஏன் பறை ஒலிக்கிறது என்பனவெல்லாம் அதன் செவியில் விழுந்திருக்கும், விளங்கியும் இருக்கும். ஆறு வயதிலோ எட்டு வயதிலோ அதனை மலைப்பிரதேசப் பாடசாலைக்கு, அல்லது கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். அங்கே தமிழ் மறந்தது. தமிழோடு, தமிழில் அறிந்தவையும் மறந்தன. எஞ்சியவை ரோசாச் செடியும் விறாந்தையும், பெயரில்லாத ஓர் ‘ஆயா’வும்.

குற்றமற்ற நினைவு எனப்படுவது சில வேளைகளில் இவ்வாறே உண்டாக்கப்படுகிறது. குழந்தை அதனைத் தானே உண்டாக்கிக்கொள்ளவில்லை. ஆகவே அதனைக் குற்றவாளி எனல் தகாது. ஆயினும் அக்குழந்தை வளர்ந்து முதியவராகி, ‘எவ்வளவு இனிய காலம்’ என்று சொல்லும்போது, தமக்கு மறக்கடிக்கப்பட்டது யாது என ஒருகணம் நின்று வினவுவது அவர் செய்யக்கூடியதே.

பெற்றோரின் நிலை வேறு. அவர்களின் அறியாமைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முயற்சி தேவைப்பட்டது. பூமி அடிக்கடி அதனைக் குலைத்தது. ஆழத்தில் அகழ அகழப் பாறையின் அழுத்தம் மிகுந்து, திடீரெனச் சுவர்கள் வெடித்துச் சிதறுவதுண்டு. பாறைவெடிப்பு எனப்படும் இந்நிகழ்ச்சியின் அதிர்ச்சி நிலத்தின் மேலேயும் உணரப்படும். பங்களாவிலே பீங்கான் கோப்பைகள் கலகலக்கும். லைனிலே தட்டிச் சுவர் ஆடும். அக்கணத்திற் துரைசாணியும் தொழிலாளியின் மனைவியும் ஒருசேர வாசலுக்கு ஓடிவந்து ஒரே திசையை நோக்கியிருப்பர். ஏனெனில் வெள்ளை மேற்பார்வையாளரும் கீழே இறங்கியவர்களே. அவர்களுள்ளும் மாண்டோர் உண்டு. அச்சத்தில் அவ்விரு பெண்களுக்கும் வேற்றுமை இல்லை. செய்தி வந்த பின்னரே வேற்றுமை தொடங்கும். ஒருத்திக்கு மேலாளர் நேரில் வந்து தொப்பியைக் கழற்றிச் சொல்வார். மற்றவள் சுரங்க வாயிலிற் கூட்டத்தோடு நின்று, மேலே கொண்டுவரப்படும் முகங்களுள் தன் கணவனைத் தேட வேண்டும்.

ஒரே அச்சத்தை அனுபவித்த இருவர் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் இயலுமா? இயன்றது என்பதற்கு அவ்வூரின் அரை நூற்றாண்டு சான்று. துன்பம் மனிதரை ஒன்றாக்கும் என்று பொதுவாகக் கூறப்படும் கருத்து கோலாரிற் பொய்த்துப் போயிற்று என்றே கூறவேண்டும். துன்பத்தை ஒவ்வொருவரும் தத்தம் வேலிக்குள்ளேயே அனுபவிக்கும்படி அங்கே வேலிகள் திறமையாக அமைக்கப்பட்டிருந்தன. இடையில் ஆங்கிலோ இந்தியர் என ஒரு தனி அடுக்கும் இருந்தது. அவர்தம் அவலம் தனியே ஆராயத்தக்கது.

ஜேர்மனியத் தத்துவஞானி கார்ல் யாஸ்பேர்ஸ், போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் தம் நாட்டவரின் குற்றம் பற்றி எழுதியபோது, குற்றத்தை நால்வகையாகப் பிரித்தார். சட்டத்தின் முன் குற்றம், அரசியற் பொறுப்பு, தன் மனச்சாட்சியின் முன் குற்றம், இறுதியாக, சக மனிதன் அழியும்போது தான் உயிரோடு இருப்பதிலேயே உள்ள குற்றம். பங்களாவாசிகள்மீது முதல்வகைக் குற்றத்தைச் சாட்டுதல் இயலாது. இரண்டாம் வகை, பேரரசின் குடிகள் என்ற அளவில் அவர்களைச் சாரும். நான்காம் வகை மிக உயர்ந்ததொன்று. ஆயினும் அதனை எல்லோர்மீதும் சாட்டிவிடலாம் என்பதே அதன் குறைபாடு. உயிரோடிருக்கும் எவரும் குற்றவாளியெனின், கோலாரின் மேலாளரும் மதராசின் எழுதுவினைஞரும் ஒருபடித்தானவர் ஆகிவிடுவர். எனவே எஞ்சுவது மூன்றாம் வகையே. தினமும் காலையில் வாயிலைத் திறந்து உள்ளே வந்த பெண்ணிடம், ‘உன் வீட்டில் எப்படி?’ என்று கேளாமை. கேட்டால் விடை வரும். விடை வந்தால் எதையேனும் செய்யவேண்டி வரும். செய்தால் உத்தியோகம் நிலைக்குமோ நிலைக்காதோ. இவ்வளவையும் அவர்கள் எண்ணிப்பார்த்துக் கேளாது விட்டனர் என்பதில்லை. கேளாதிருப்பதே அவ்வூரிற் பண்பாடாயிற்று.

கேளாமைக்கு மிகவும் உதவிய சொல் ஒன்றுண்டு. ‘எப்படியும் போய்விடுவோம்’ என்பது அது. ஒப்பந்தம் முடிந்ததும், அல்லது அடுத்த விடுமுறையோடு, அல்லது பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுப் போய்விடுவோம். தற்காலிகமாகத் தங்குபவன் அவ்விடத்துக்குக் கடமைப்பட்டவனல்லன் என்ற நம்பிக்கை அச்சொல்லினுள் உறைகிறது. ஆனால் அத்தற்காலிகம் 1880 முதல் 1956இற் சுரங்கங்கள் அரசுடைமையாகும்வரை எழுபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. ஒவ்வொரு குடும்பமும் சில ஆண்டுகளே இருந்திருக்கலாம். பங்களா காலியாக இருந்ததில்லை. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவரும் வழிப்போக்கர். சேர்த்து நோக்கின் மூன்று தலைமுறைக் குடியிருப்பு. ‘போய்விடுவோம்’ என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கும் ஒருகாலத்தில் இருந்தது. அறுவடைக்கும் திருவிழாவுக்கும் அவன் ஊர் திரும்பினான். காலப்போக்கில் அவனுக்குத் திரும்பிச் செல்ல ஊரில் ஒன்றும் இல்லாது போயிற்று. 1930இற் கைவிரல் ரேகை பதிந்து தொழிலாளரைப் பதிவுசெய்ய நிருவாகம் முற்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தாம் இனி வழிப்போக்கரல்லர், இவ்விடத்து மனிதர் என்ற உணர்வும் அதில் இருந்தது எனலாம்.

அவர்கள் அங்கு வாழ்வு ஒன்றை ஆக்கியும் கொண்டனர் என்பதை மறத்தலாகாது. 1898இற் கொழும்பு சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ஒரு கிளை இருந்தது. பங்களாவில் நடனம் நடந்த இரவுகளில், லைனில் எண்ணெய் விளக்கடியிற் பகுத்தறிவும் பௌத்தமும் பேசப்பட்டன. பங்களாவாசியின் நினைவுக்குறிப்புகளில் இவ்விளக்குகளைக் காண்பது அரிது.

வெள்ளையர் சென்றனர். சுரங்கம் 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்டது. தொழிலாளரின் மக்கள் இன்று அதிகாலைப் புகையிரதத்தில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் லைனுக்கு மீளுகின்றனர். ஒரு நூற்றாண்டாக அரைத்துக் கொட்டிய பாறைமாவு குன்றுகளாய் நிற்கிறது. காற்று வீசும் மாதங்களில் அது ஊர்மீது படிகிறது. கடல் கடந்து சென்றோரின் பேரப்பிள்ளைகள் எப்போதாவது பாட்டன் வாழ்ந்த பங்களாவைப் பார்க்க வருவதுண்டு. ஊரார் அவர்களை அன்போடு வரவேற்று, கழகத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் காட்டுவர். ஆயாவின் வீடு எது என்று அவர்கள் கேட்டால், காட்டுவதற்கு லைனும் இருக்கிறது, வழிதெரிந்தோரும் இருக்கின்றனர்.