வாங்க வருபவரை எதிர்பார்த்திருக்கும் பங்குதாரரும், அவர் கையிலுள்ள அமானிதமும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



வியாபாரம் என்றால் கடை, தராசு, சரக்கு என்று நினைத்த காலம் போய்விட்டது. இன்று கைப்பேசியைத் தொட்டு, பார்த்திராத நாட்டில், பார்த்திராத மலையைத் தோண்டும் கம்பெனியில் நாம் பங்குதாரர் ஆகிவிடுகிறோம். கனிமம் தேடும் கம்பெனிகளின் பங்குகள் மீது பலருக்கு ஆசை. காரணம், பங்கு மலிவு. எதிர்பார்ப்பு மட்டும் பெரிது. "பெரிய கம்பெனி ஒன்று வந்து இதை மொத்தமாக வாங்கிவிடும், நாம் போட்டது பல மடங்காகத் திரும்பும்" என்பதே அந்த எதிர்பார்ப்பு.

இப்படிக் காத்திருப்பவர் தன் பணத்தோடு மட்டும்தான் விளையாடுகிறாரா? அவருடைய நம்பிக்கை அவருடைய சொந்த விஷயம் மட்டும்தானா? இன்றைய ஜுமுஆவில் நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

யார்க்ஷயரில் நடந்தது

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர் கடலோரத்தில் விட்பி என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே நிலத்துக்குக் கீழே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் பாலிஹாலைட் என்ற உப்புக் கனிமம் கிடக்கிறது. பொட்டாசியம், கந்தகம், மெக்னீசியம், கால்சியம் நான்கும் கலந்தது. உரமாகப் பயன்படும். சிரியஸ் மினரல்ஸ் என்ற கம்பெனி துளையிட்டு ஆராய்ந்து அதை உறுதிசெய்தது. 2015-இல் சுரங்கத்துக்கு அனுமதியும் பெற்றது. வெட்டியதைக் கொண்டுசேர்க்க 37 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைக்குத் திட்டமிட்டது.

அந்தக் கம்பெனியில் சுமார் 85,000 சிறு முதலீட்டாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் அந்தப் பகுதி மக்கள். ஊருக்கு வேலை வரும் என்று நம்பித் தங்கள் சேமிப்பைப் போட்டவர்கள். 2018-இல் ஒரு பங்கு 30 பென்ஸுக்கு மேல் விற்றது.

2019 செப்டம்பரில் 50 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடும் முயற்சியைக் கம்பெனி கைவிட்டது. அது நடந்திருந்தால்தான் அடுத்து வங்கியிலிருந்து பெரும் கடன் கிடைத்திருக்கும். அரசாங்க உத்தரவாதமும் கிடைக்கவில்லை. பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ பாதியாக விழுந்தது. 2020 ஜனவரியில் ஆங்கிலோ அமெரிக்கன் என்ற மிகப் பெரிய சுரங்க நிறுவனம் வந்தது. பங்குக்கு 5.5 பென்ஸ், மொத்தம் சுமார் 40 கோடி பவுண்ட் என்று விலை சொன்னது. அன்றைய சந்தை விலையை விட அது அதிகம். 30 பென்ஸுக்கு வாங்கியவருக்கோ, அது போட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாங்க ஒருவர் வரவேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒருவர் வந்துவிட்டார். வந்த விதம்தான் அவர்கள் எதிர்பார்க்காதது.

முழுக்கும் படகும்

மார்க்கத்தின் பார்வையில் முதலில் ஒரு விஷயம். வட்டிக் கடன் கலந்த கம்பெனியின் பங்கை வாங்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் அடிப்படையில் அது கூடாது என்று தீர்மானித்தது. பஹ்ரைனிலுள்ள அயோஃபி அமைப்பு, வட்டிக் கடன் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளுடன் இடம் தருகிறது. அந்த விவாதம் ஒரு தனி ஜுமுஆவுக்குரியது. பங்கு வாங்கும் முன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நாம் பேசுவது, அதையும் தாண்டி நிற்கும் ஒழுக்கக் கேள்வி.

கரர், அதாவது முடிவு மறைந்திருக்கும் வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்ணீரில் இருக்கும் மீன், வானத்தில் பறக்கும் பறவை என்று ஃபிக்ஹ் நூல்கள் உதாரணம் சொல்லும். அவற்றில் ஒன்று முத்துக்குளிப்பவரின் முழுக்கு. "இந்த ஒரு முழுக்கில் எது கிடைத்தாலும் உனக்கு, விலை இவ்வளவு" என்று பேசுவது கூடாது. வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அது சூதாட்டத்தின் சாயல்.

ஆனால் அதே முத்துக்குளிப்பவரின் படகில் பணம் போட்டுக் கூட்டாளி ஆகலாம். வந்தால் இருவருக்கும், வராவிட்டால் இருவருக்கும் இல்லை. முத்து கிடைக்குமா என்பது இதிலும் தெரியாதுதான். ஆனால் படகு என்ன, செலவு என்ன, எத்தனை நாள், யார் முழுகுகிறார் என்பதெல்லாம் தெரியும். ஷரீஅத் தடுப்பது ஆபத்து நிறைந்த உழைப்பை அல்ல. கண்ணைக் கட்டிக்கொண்டு விலை பேசுவதையே அது தடுக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கனிமம் தேடும் கம்பெனிக்கு வருமானம் இல்லை. இருப்பது அனுமதி, துளையிட்ட அறிக்கை, கொஞ்சம் ரொக்கம். அந்த அறிக்கையைப் படித்து, ரொக்கம் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்த்து, தோல்வியைத் தாங்கும் அளவுக்கு மட்டும் போடுபவர் படகில் பங்கு வாங்குகிறார். இவை எதையும் பார்க்காமல், "யாரோ வந்து வாங்குவார்" என்பதற்காக மட்டும் வாங்குபவர் முழுக்கை வாங்குகிறார். சட்டத்தின் முன் இருவர் கையிலும் ஒரே பங்குதான். அல்லாஹ்வின் முன் இருவருடைய நிலையும் ஒன்றாகிவிடாது.

பெரியவர் வருகிறார் என்பது ஆதாரமா?

"பெரிய கம்பெனி வாங்கப் பார்க்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தானே வேண்டும்?" அடிக்கடி கேட்கும் வாதம் இது. அறிவுள்ள வாதம் போலத்தான் தெரியும்.

இந்தோனேசியாவின் காலிமந்தானில் புஸாங் என்ற இடம். பிரி-எக்ஸ் என்ற கனடா நாட்டுச் சிறு கம்பெனி அங்கே மாபெரும் தங்கச் சுரங்கம் இருப்பதாக அறிவித்தது. பங்குகளின் மொத்த மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தொட்டது. பாரிக், பிளேசர் டோம், ஃப்ரீபோர்ட் என்ற உலகப் பெரும் சுரங்க நிறுவனங்கள் அதில் இடம்பிடிக்கப் போட்டி போட்டன. அரசியல் செல்வாக்கும் உள்ளே வந்தது. சிறு முதலீட்டாளர்களுக்கு அதுவே ஆதாரமாகிவிட்டது.

1997-இல் ஃப்ரீபோர்ட் தானே துளையிட்டுப் பார்த்தது. குறிப்பிடும்படி தங்கம் இல்லை. அதன் பிறகு நடந்த சுதந்திரமான பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் தூளைக் கலந்திருந்தார்கள். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. புஸாங்கில் அந்தக் கையை உள்ளே விடும்வரை உலகமே குவியலின் மேற்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பாடம் என்ன? பெரியவரின் ஆசை சாட்சியாகாது. அது இன்னொருவரின் எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். இரண்டு எதிர்பார்ப்புகளைக் கூட்டினால் ஒரு உண்மை வந்துவிடாது.

வாக்கு ஓர் அமானிதம்

மீண்டும் யார்க்ஷயருக்கு வருவோம். இங்கேதான் உண்மையான சோதனை.

அந்த விற்பனை நடக்க, வாக்களிக்கப்பட்ட பங்குகளின் மதிப்பில் 75 சதவீதம் சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டால் மறுத்தவரின் பங்கும் சேர்ந்தே போகும். "நான் விற்க மாட்டேன், வைத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் தனியாக நிற்க முடியாது. நிராகரித்தால் என்ன ஆகும் என்பதையும் கம்பெனி சொல்லிவிட்டது: கையிருப்புப் பணம் தீர்ந்துவிடும், கம்பெனி திவாலாகலாம், பங்குதாரருக்கு எதுவுமே கிடைக்காமல் போகலாம்.

ஆக, ஆம் என்று போடுபவர் அடுத்தவரின் எதிர்காலத்தை விற்கிறார். இல்லை என்று போடுபவர் அடுத்தவரின் கடைசிக் காசைப் பணயம் வைக்கிறார். எதைப் போட்டாலும் அது தன் பணத்தோடு நிற்பதில்லை.

சூரா அந்நிஸாவின் 29-ஆவது வசனம், பிறர் பொருளை அநியாயமாக உண்ணக் கூடாது என்றும், பரஸ்பர சம்மதத்துடன் நடக்கும் வியாபாரமே ஆகும் என்றும் கற்றுத் தருகிறது. அப்படியானால் மறுத்தவரின் சம்மதம் எங்கே? கம்பெனியில் சேரும்போதே பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன் என்ற நிபந்தனையை அவர் ஏற்றுக்கொண்டார். நிபந்தனைகளைப் பேணுவது நம் மீது கடமை. எனவே விற்பனை செல்லும் என்று சொல்லலாம். ஆனால் சம்மதத்தை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவிட்டவரிடம் நமக்குப் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அவருடைய வாயாகவும் நாம் பேசுகிறோம். வகீலுக்கு இருக்கும் அமானிதம் இங்கே வாக்களிப்பவருக்கும் இருக்கிறது.

அந்த அமானிதத்தை எதை வைத்து நிறைவேற்றுவது? பெரும்பாலோர் தாங்கள் வாங்கிய விலையை வைத்துத்தான் அளந்தார்கள். 30 பென்ஸுக்கு வாங்கியவருக்கு 5.5 அநியாயம். கடைசியில் 4 பென்ஸுக்கு வாங்கியவருக்கு அதே 5.5 கொள்ளை லாபம். ஒரே பொருள், ஒரே நாள், ஒரே விலை. அது ஒருவருக்கு அநியாயமாகவும் இன்னொருவருக்கு அருளாகவும் தெரிகிறது என்றால், நாம் வாங்கிய விலை நியாயத்தின் தராசு அல்ல என்றுதான் அர்த்தம். அது நம் காயத்தின் அளவு மட்டுமே. என் நஷ்டத்தை ஈடுகட்டுவதற்காக, உள்ளதையும் இழந்துவிடும் நிலையிலுள்ள முதியவரை நான் இழுத்துச் செல்லக் கூடாது. என் சிறு லாபத்துக்காக, உண்மையான வாய்ப்பு இருக்கும்போது எல்லாருடைய பொருளையும் அவசரமாகத் தள்ளிவிடவும் கூடாது.

வாங்குபவருக்கும் ஒரு வரம்பு உண்டு. ஊருக்கு வெளியே போய், சந்தை விலை அறியாத வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டு மலிவாக வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்த பிறகு விற்பனையை முறிக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். அறிந்தவர் அறியாதவரின் அறியாமையிலிருந்து லாபம் எடுக்கக் கூடாது என்பதே இதன் உயிர். சிரியஸ் விவகாரத்தில் விலையும் நிலைமையும் வெளிப்படையாகவே இருந்தன. மறைத்தார்கள் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் நெருக்கடியில் நிற்பவரின் விற்பனை பற்றி ஃபிக்ஹ் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். அந்த விற்பனை செல்லும். ஆயினும் அவருக்கு அவகாசம் கொடுப்பதும் கைகொடுப்பதுமே மேலான பண்பு என்றார்கள். சட்டம் அனுமதித்ததையெல்லாம் கருணை அனுமதிப்பதில்லை.

நாவும் ஒரு வியாபாரிதான்

வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் கேட்பது நஜ்ஷ். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது.

கையில் பங்கை வைத்துக்கொண்டு, "இன்னும் இரண்டு மாதத்தில் பெரிய ஆள் வருகிறார், உறுதியான தகவல்" என்று மச்சானிடமும் நண்பரிடமும் சொல்பவர் என்ன செய்கிறார்? அவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கலாம். தான் நம்புவதைத்தான் சொல்கிறார். ஆனால் நம்புவதை அறிந்தது போல் சொல்வதே பிழை. கேட்பவர் வாங்கினால் விலை ஏறும், அந்த லாபம் சொன்னவருக்கு. சொன்னவர் தான் விற்றுவிட்டு அடுத்தவரை மட்டும் வைத்திருக்கச் சொன்னாலோ, அது தெளிவான மோசடி.

"எனக்குத் தெரிந்தது இது, நான் எதிர்பார்ப்பது இது, என்னிடம் இத்தனை பங்கு இருக்கிறது." இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் பேசட்டும். தெரியாதவர் மௌனமாக இருக்கட்டும்.

நாளையை அறிந்தவர் யார்?

2020 மார்ச் 3 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 80 சதவீதத்துக்குச் சற்று மேல் சம்மதம். விற்பனை முடிந்தது மார்ச் 17. ஆறு நாள் கழித்து, மார்ச் 23 அன்று, கொரோனாவால் பிரிட்டன் முழு ஊரடங்குக்குப் போனது. அந்த நேரத்தில் கையில் பணமில்லாத ஒரு சுரங்கக் கம்பெனி யாரிடம் போய்க் கடன் கேட்டிருக்கும்?

வாங்கியவர் பெரும் லாபம் பார்த்தாரா? 2023-இல் ஆங்கிலோ அமெரிக்கன் அந்தச் சுரங்கத்தின் மதிப்பில் 170 கோடி டாலரைக் கணக்கிலிருந்து கழித்தது. 2024-இல் பிஎச்பி என்ற நிறுவனம் ஆங்கிலோவையே வாங்க வந்தது. அதை மறுத்த ஆங்கிலோ, தன் செலவைக் குறைக்கச் சுரங்க வேலையின் வேகத்தையும் குறைத்தது. அதே ஆண்டு மேலும் 160 கோடி டாலரைக் கழித்தது. சிறியவரை வாங்கிய பெரியவரையும் வாங்க ஒருவர் வந்தார்.

நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்று எந்த ஆன்மாவும் அறியாது என்ற பாடம் சூரா லுக்மானின் இறுதியில் இருக்கிறது. இதைச் சொல்லி, சேமிப்பை இழந்தவரின் வலியை நாம் சிறிதாக்கிவிடக் கூடாது. ஓய்வுக்காலத்துக்கு வைத்திருந்த பணம் போனது போனதுதான். ஆனால் "அன்றைக்கே அப்படிச் செய்திருந்தால்" என்று தன்னைத்தானே தின்றுகொள்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அது ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும். முடிவு கெட்டுப்போனதாலேயே அன்று நேர்மையாக எடுத்த தீர்மானம் பாவமாகிவிடாது. லாபம் வந்துவிட்டதாலேயே நேர்மையற்ற தீர்மானம் நன்மையாகிவிடாது.

கண்ணியமானவர்களே! மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது பங்கு எத்தனைக்கு விற்றது என்பதல்ல. எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்பதுதான். கூட்டுச் சொத்தில் நிற்பவருக்கு அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது: உன்னோடு நின்றவர்களின் பொருளை உன் நாவாலும் உன் வாக்காலும் என்ன செய்தாய்?

தெரிந்ததையும் எதிர்பார்ப்பதையும் பிரித்தறியும் தெளிவையும், அடுத்தவரின் பொருளைத் தன் பொருளைப் போல் பேணும் மனதையும், பரக்கத்தான ஹலாலான ரிஸ்கையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.