சிவப்பணு சுமக்கும் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

நம் கைக்கு வந்த பொருளெல்லாம் நம்முடையதாகிவிடுமா? இன்றைய ஜும்ஆவில் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. பூமியில் மட்டுமல்ல, நமக்குள்ளேயும் தன் அத்தாட்சிகள் இருப்பதாக அல்லாஹ் நினைவூட்டுகிறான் (51:20, 21). ஆகவே நம் உடம்பையே கொஞ்சம் பார்ப்போம்.

செல் என்னும் படைப்பு

1665-ல் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். நம் உடம்பும் செல்களால்தான் கட்டப்பட்டிருக்கிறது. செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அது கட்டுப்படுத்துகிறது. உள்ளே உட்கரு, அதில் டி.என்.ஏ. இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு ஆக்ஸிஜனைக் கொண்டு உணவிலிருந்து சக்தியை எடுத்துத் தருகிறது.

ஆனால் இரத்தத்தின் சிவப்பணு வித்தியாசமானது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கும் உட்கரு உண்டு. முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாமல் போகிறது. உள்ளே நிறைந்திருப்பது ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின்தான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். நுரையீரலில் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் போய் இறக்கும் சிவப்பணு, தான் சுமப்பதில் தனக்கென்று சிறிதும் செலவழிப்பதில்லை. ஆக்ஸிஜன் இல்லாமலேயே சர்க்கரையை உடைத்துத் தன் தேவையைப் பார்த்துக்கொள்கிறது. சுமார் 120 நாட்கள் இந்த வேலை. பிறகு மண்ணீரலிலும் கல்லீரலிலும் அது சிதைக்கப்பட, அதன் இரும்புச்சத்தும் புதிய அணுக்களுக்குப் போய்விடுகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

தேர்வு நம்மிடம்

'அதற்கு வேறு வழியே இல்லையே, இதில் என்ன நேர்மை?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செல்லுக்கு நன்மையும் இல்லை, பாவமும் இல்லை, மறுமையில் கேள்வி கணக்கும் இல்லை. வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தைச் சுமந்தவன் மனிதன் (33:72). எடுக்கவும் முடியும், எடுக்காமல் இருக்கவும் முடியும் என்ற நிலையில் நாம் இருப்பதால்தான் நம்மிடம் விசாரணை.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதி தனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). சுமப்பவர் வேறு, உரிமையாளர் வேறு.

சகோதரிகளின் பங்கு

சகோதரர்களே! வாப்பா மவுத்தாகிப் பல வருடம் ஆகியும் சொத்து பிரிக்காத குடும்பங்கள் எத்தனை! கடை அண்ணன் கையில், வீடு தம்பி கையில். சகோதரிகளின் பங்கு என்னவானது என்று கேட்டால், 'கல்யாணத்தில்தான் நகை போட்டோமே' என்கிறோம். வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. அவர் மவுத்தான பின் கடனும் வஸிய்யத்தும் போக மீதியில் மகளுக்குரிய பங்கை விதித்தவன் அல்லாஹ் (4:11). முன்பு போட்ட நகை அந்தப் பங்கை அழித்துவிடாது.

'அவள் கேட்கவே இல்லையே' என்பது அடுத்த பதில். கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று பயந்து அவள் வாய் மூடியிருக்கலாம். பயத்தில் மௌனமாக இருப்பது மனம் பொருந்தி விட்டுக்கொடுப்பதாகாது. பங்கை அவள் கையில் ஒப்படையுங்கள். பிறகு அவளாக விரும்பித் தந்தால் அது வேறு விஷயம்.

சிவப்பணு தன் சுமையை இறக்காவிட்டால் உறுப்பு செத்துப்போகும். நாம் இறக்காத சுமையால் ஒரு சகோதரியின் வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்கிறது, மருத்துவம் நிற்கிறது. அந்தச் சுமையோடு கப்ருக்குப் போனால் அங்கே யாரிடம் இறக்கி வைப்போம்? இன்று அஸருக்குள் சகோதரிக்கு ஒரு ஃபோன் செய்து, 'உன் கணக்கைப் பார்ப்போம், வா' என்று சொல்லுங்கள்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, சுமையற்றவர்களாக அல்லாஹ்வைச் சந்திக்க அவன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.