முடியலை!

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். எட்டுப் பெண்கள் சேர்ந்து துடுப்பு வலிக்கும் படகுப் போட்டி, இறுதிச் சுற்று. தூரம் 2,000 மீட்டர். கடைசி சில நூறு மீட்டர் பாக்கி. ஆஸ்திரேலியப் படகில் சாலி ராபின்ஸ் வலிப்பதை நிறுத்தி, அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார். படகு கடைசியாக வந்தது.

களைப்பில் உடம்பு அசையவே மறுத்துவிட்டது என்றார் அவர். பத்திரிகைகள் 'படுத்துக்கிட்ட சாலி' என்று கிண்டலடித்தன. சக வீராங்கனைகள் கொதித்துப் போனார்கள்.

கோபம் நியாயம்தானே? மாரத்தானில் ஒருத்தர் நின்றால் அது அவர் பாடு. படகில் ஒருத்தர் நின்றால், அவரையும் சேர்த்து மற்றவர்கள் சுமக்கணும். வலிக்காத துடுப்பு தண்ணீரில் இழுபட்டு வேகத்தைக் கெடுக்கும். நான் பி.காம். படித்தவன். நஷ்டம் என்றால் யார் பெயரிலாவது பற்று எழுதியே பழக்கம்.

ஆனால், 'முடியலை'க்கும் 'மாட்டேன்'க்கும் நடுவில் கோடு எங்கே இருக்கு, சொல்லுங்கள்? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் படுத்திருக்கும். படுத்தவருக்கே தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் காலையில் என் மனைவி "முடியலைங்க" என்று படுத்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "சூடு இல்லையே?" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.