விதைக்கு என்ன சாதி?

தாம்பரத்தில் இருக்கும் என் நண்பருக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. குறை அவரிடம்தான். புறநகரில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் புருஷனும் பெண்சாதியுமாகப் போனார்கள். விந்து தானம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே இருந்த அம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாராம்: "டோனர் எந்த கம்யூனிட்டியில பாக்கட்டும்? உங்க ஆளுங்கள்லயே வேணுமா, இல்ல கொஞ்சம் ஒசந்ததா பாக்கட்டுமா? புள்ள கலரா, புத்திசாலியா பொறக்கும்."

பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்: "கோவம் வந்துச்சு தோழர். ஆனா பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் ஆசையும் வந்துச்சு."

அந்த ஒரு நிமிஷத்தை நமக்குள் வைத்தது யார்?

2011 தீபாவளிக்கு வந்த 'ஏழாம் அறிவு' படத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசன் போதிதர்மனுடைய வம்சத்தில் வந்த ஒருவன் சர்க்கஸில் வேலை செய்கிறான். மரபணுப் பொறியியல் படிக்கும் ஒரு பெண், அவனுடைய டி.என்.ஏ.யைத் தூண்டி, பாட்டனின் வைத்தியத்தையும் வீரத்தையும் எழுப்புகிறாள். தியேட்டரே விசிலடித்தது. நாங்களும்தான் அடித்தோம். அதே படத்தில் இட ஒதுக்கீட்டைத் திறமைக்கு எதிரியாகப் பேசிய வசனத்துக்கு அப்போதே எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வசனம் தெரியாமல் வந்து விழுந்ததாக நான் நினைக்கவில்லை. அறிவு ரத்தத்தில் வரும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு, உதவித்தொகை எதற்கு, ஒதுக்கீடு எதற்கு? பெண்ணை நிலமாகவும் ஆணை விதையாகவும் பார்த்த மனு, இங்கே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறான்.

படித்த வைத்தியம் டி.என்.ஏ.யில் பதிந்து பேரனுக்கு வராது. தோல் பதனிட்ட நம் பாட்டனின் தொழிலறிவும் அப்படி வந்ததில்லை. பக்கத்தில் நின்று, பார்த்து, கை வெந்து கற்றது அது. பள்ளிக்கூட வாசலில் அவனை நிறுத்திவிட்டு 'உன் ரத்தம் அப்படி' என்று சொன்னதுதான் பார்ப்பனியத்தின் சாமர்த்தியம்.

பஞ்சாபின் பார்ப்பனரும் சமாரும் ஒரே இனம், சென்னையின் பார்ப்பனரும் பறையரும் ஒரே இனம் என்று 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். ரத்தத் தூய்மைக்காகத்தான் சாதி என்ற வாதத்தை அதில் கிழித்துப் போட்டார். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வும் அதன் பக்கம்தான் நிற்கிறது. சுமார் 4200 வருஷத்துக்கு முன்பிலிருந்து 1900 வருஷத்துக்கு முன்பு வரை இந்த மண்ணில் எல்லாரும் கலந்திருக்கிறார்கள். அகமணம் என்ற பூட்டு அதற்குப் பிறகு விழுந்தது. பூட்டியவர்களுக்கும் அதனால் நஷ்டம் உண்டு. ஆந்திரத்து வைசியரிடம் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் குறை இருப்பவருக்கு ஆபரேஷன் நேரத்தில் கொடுக்கும் ஒரு தசைத்தளர்வு மருந்தே ஆபத்து.

2018இல் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். மறு வருஷம் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனாலும் கத்தி வந்துவிட்டது. எதை வெட்டுவது, எதை ஒட்டுவது என்று நம் ஊரில் தீர்மானிக்கப் போவது அந்தக் கருத்தரிப்பு மையத்து நோட்டுதான் என்பதுதான் என் பயம்.

அறிவியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை நோயைத் தடுக்க முடிந்தால் தடுக்கட்டும், அது பிள்ளையின் வலியைக் குறைக்கும். சாதி பார்த்து விதை வாங்குவது பெற்றவர்களின் அவமானத்தைப் பிறக்காத பிள்ளையின் தலையில் ஏற்றுவது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

நண்பரின் மனைவி எந்தப் புத்தகமும் படித்தவர் இல்லை. அன்று ராத்திரி அவர் கேட்டதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை:

"நம்மள மாதிரி ஒரு புள்ள பொறந்தா என்னய்யா தப்பு?"