கடன் தீர்ந்த பிறகு

சம்பளம் கிடைத்த மறுநாள் நான் வீடு திரும்பும் பாதை வேறு. மற்ற நாட்களில் பிரதான வீதியிலிருந்து முதல் ஒழுங்கையால் இறங்குவேன். அன்று மட்டும் அதைத் தாண்டிப் போய் இரண்டாவது ஒழுங்கையால் சுற்றி வருவேன். முதல் ஒழுங்கையின் முகப்பில் ஒரு சில்லறைக்கடை இருக்கிறது. என் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் நகரத்துப் பேரங்காடியின் பைகள் தொங்கும். கடைக்காரருக்கு நான் ஒரு சதமும் கடனில்லை. பிறகேன் இந்தச் சுற்று?

இதைப் பெரிய தத்துவமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் நாற்பதைக் கடந்த ஒரு வாத்தியார் பருப்புப் பையோடு ஒளிந்து திரிகிறார் என்றால் அதில் விசாரிக்க ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

நாங்கள் குடியிருப்பது மன்னார் நகரின் வெளிவிளிம்பில், எழுத்தூர்ப் பக்கம். போர் முடிந்து திரும்பி வந்தபோது கண்ணுக்கெட்டியது பனையும் முட்பற்றையும் மணலும்தான். 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மறுபடி ஓடியது. காணி விலை ஏறியது, மதில்கள் எழுந்தன, தளபாடக் கடைகள் வந்தன, கண்ணாடிக் கதவு போட்ட பேரங்காடியும் வந்தது. வீதியோரத்தில் மன்னார்க் கழுதைகள் நின்று, வீசப்பட்ட பொலித்தீன் பைகளை மென்றுகொண்டிருக்கும். அபிவிருத்தி என்ற பாடத்துக்கு நான் அவற்றைத்தான் உதாரணம் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பேரங்காடியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அங்கே விலை ஒட்டியிருக்கிறது, நிறை சரியாக இருக்கிறது. அளவையில் மோசம் செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயமே குர்ஆனில் உண்டு. அந்தத் தராசில் வைத்தால் பேரங்காடி தப்பிவிடும். உம்மாவின் வருத்தம் எப்படியென்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காததும் ஒரு வசதிதான்.

ஆனால் 2022 என்றொரு வருடம் வந்து போனது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. பெற்றோல் இல்லாமல் பாடசாலைகளையே மூடினார்கள். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வீட்டுக் கடனுக்கு வெட்டியது போக என் சம்பளத்தில் மிஞ்சியது பத்து நாளைக்குக் காணாது. பேரங்காடியில் கடன் கொப்பி இல்லை. முதல் ஒழுங்கைக் கடையில் இருந்தது. கடைக்காரர் கத்தோலிக்கத் தமிழர், என்னைவிட மூத்தவர். அவர் என்னை “சேர்” என்பார், நான் அவரை “அண்ணன்” என்பேன். ஒருநாள் இரவு கூப்பிட்டு, “சேர், பிள்ளைக்குப் பால்மா ஒரு பெட்டி ஒளிச்சு வச்சிருக்கிறன். காசு கிடக்கட்டும், கொண்டு போங்க” என்றார். பெப்ரவரியிலிருந்து ஓகஸ்ட் வரை அந்தக் கொப்பியில் என் பெயருக்குக் கீழே 46,350 ரூபா ஏறியது.

அடுத்த ஜனவரிக்குள் முழுவதையும் கட்டினேன். அவர் கொப்பியைத் திறந்து, எழுதியிருந்த தொகையை மட்டும் வாங்கி, கோடிழுத்தார். பெப்ரவரி விலையில் அவர் தந்த சாமான்களைத் திரும்ப வாங்கி அடுக்க அந்தப் பணம் அவருக்குக் காணாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

எங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டேன். “எடுத்த தொகையைத்தான் கொடுக்கணும் மாஸ்டர். நிபந்தனை போட்டுக் கூட வாங்கினால் அது வட்டி. நீங்களாக விரும்பிக் கூட்டிக் கொடுத்தால் நல்லது” என்றார். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச பிக்ஹு அக்கடமியும் அப்படித்தான் தீர்மானித்தது: நாணயத்தின் பெறுமதி மாறினாலும் கடன் தொகைக்குத் தொகையாகவே திருப்பப்பட வேண்டும். செப்புக்காசுகளின் பெறுமதி மாறிய விடயத்தில் இமாம் அபூ யூசுப் வேறு கருத்துக் கொண்டிருந்தார், பெறுமதியைப் பார்க்கவேண்டும் என்று. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை மாணவர்களுக்குப் பெருமையாகச் சொல்வேன். எழுதிய தொகையோடு கணக்கு முடிகிறதா என்பதைத்தான் நான் யாருக்கும் சொன்னதில்லை. சட்டப்படி நான் சுத்தம். விரும்பிக் கொடுப்பது என்ற வாசல் திறந்திருந்தது. அதனால் நான் நுழையவில்லை. மாறாக, கையில் காசு வந்ததும் நகரத்துக்குப் போனேன். காசில்லாத நாட்களுக்கு ஒரு கடை, காசுள்ள நாட்களுக்கு வேறு கடை.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்று நாட்டின் பல இடங்களில் பிரசாரம் நடந்தபோது, எங்கே வாங்குவது என்பது ஓர் ஒழுக்கப் பிரச்சினை என்று நாமெல்லோரும் வாதிட்டோம். நான் இந்த மனிதரைப் பகிஷ்கரிக்கவில்லைதான். ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். கல்லாப்பெட்டிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வாப்பாவும் கடை வைத்திருந்தவர், எருக்கலம்பிட்டியில். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கியபோது வாப்பாவின் சாரமடிப்பில் கடன் கொப்பி இருந்தது. முகாமில் எங்கள் ஓலைக்கொட்டிலுக்குப் பக்கத்தில் கிணறு. அந்தக் கொப்பியில் பெயருள்ள ஒருவர் அதே முகாமில் இருந்தார். அவர் எங்கள் வாசலைக் கடக்கக் கூசி, கிணற்றைச் சுற்றி, சேற்றில் மிதித்துப் போவார். சில நாட்களில் வாப்பா அதைக் கண்டுகொண்டார். அந்த மனிதர் வரும் நேரம் பார்த்து எழுந்து கொட்டிலுக்குள் போய்விடுவார். வெயிலுக்காகப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். உம்மா சொல்லித்தான் பிறகு விளங்கியது. அந்த மனிதர் பிறகு நேர்வழியால் போகத் தொடங்கினார்.

போன மாதம் இரண்டாவது ஒழுங்கையில் குழாய்க்குக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பைகளோடு முதல் ஒழுங்கையால் இறங்கினேன். அண்ணன் கடைக்குள் மேசைக்குப் பின்னால் நின்றார். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தினார், பைகளைக் கண்டார், உடனே முதுகைத் திருப்பி, ஏற்கனவே ஒழுங்காயிருந்த சவர்க்காரக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

நான் கடந்து போகும் வரை அவர் திரும்பப் போவதில்லை.

மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். வீட்டுக்கு வேண்டிய எல்லாம் பைகளில் இருந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல் ஒரு நெருப்புப்பெட்டி கேட்டேன்.