ஆறுமணிக் குருவியும் ‘அதே குருவி’ என்னும் அறிவும்

காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரலெழுப்புவதால் பெயர்பெற்ற ஆறுமணிக் குருவி, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் கிண்டிக் காட்டிலும் சருகைக் கிளறி இரைதேடிப் பனிக்காலத்தைக் கழிக்கிறது. மறு ஆண்டு அதே மரத்தடியில் தென்படுவது அதே குருவிதானா என்ற ஐயம் பறவையியலுக்கு மட்டும் உரியதன்று. நியாய தரிசனத்தாராகிய நையாயிகரும் பௌத்தரும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியதும் இதைப் பற்றியே.

முன்பு கண்ட பொருளையே இப்போதும் காண்கிறோம் என்னும் அறிவு ‘பிரத்தியபிஞ்ஞை’ எனப்படும். பொருள் நிலைத்திருப்பதற்கு இவ்வறிவே சான்று என்றனர் நையாயிகர். பொருள்கள் கணந்தோறும் அழிந்து தோன்றுகின்றன எனக் கொண்ட பௌத்தரோ, வெட்டியபின் வளர்ந்த நகத்தையும் விளக்கின் சுடரையும் காட்டி, ஒப்புமையை ஒருமையென மயங்குகிறோம் என்று மறுத்தனர். அரிஸ்டாட்டிலின் மயக்கம் சற்று விந்தையானது: கோடையில் காணும் ரெட்ஸ்டார்ட் பறவையே குளிர்காலத்தில் ராபினாக உருமாறுகிறது என்று அவர் எழுதினார்.

இத்தகைய மயக்கத்தைப் போக்கும் கருவி, பறவையின் காலில் பூட்டப்படும் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியலாளர் சாலிம் அலியின் முனைப்பில் 1959-இல் இப்பணியை விரிவாகத் தொடங்கியது. ஆயினும் ஆண்டுதோறும் இறகுதிர்த்துப் புத்திறகு போர்க்கும் உடலில் மாறாதிருப்பது வளையம் ஒன்றே என்று பௌத்தர் சொல்லக்கூடும்.

நியாய தரிசனத்தின் உண்மையான வலிமை, கண்டவனே நினைவுகூர இயலும் என்னும் வாதத்தில் உள்ளது. அதன்படி சான்று காண்பவரிடம் இல்லை, திரும்பிவரும் பறவையிடமே உள்ளது. டச்சு ஆய்வாளர் பெர்டெக் 1958-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. வலசை வழியில் நெதர்லாந்தில் பிடித்து, வளையமிட்டுச் சுவிட்சர்லாந்தில் விடப்பட்ட, மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுள், முந்தைய குளிர்காலத்தை அறிந்த முதிர்ந்தவை திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இருப்பிடத்தை நாடின. முதன்முறை பறந்த இளையவையோ பிறவியில் வாய்த்த திசையிலேயே சென்று ஸ்பெயின்வரை இடம் தவறின.

பழகாமலே தோன்றும் இத்தகைய பிறவியுணர்வை நியாய தரிசனம் மறுபிறவிக்குச் சான்றாக்குகிறது: பிறந்த குழந்தை முலைப்பாலை நாடுவது முற்பிறவிப் பழக்கத்தால் என்பது நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் தரும் விளக்கம். இளம்பறவைக்கும் அதையே நீட்டினால், முற்பிறவியில் பழகிய இடத்தை அது அறிந்திருக்க வேண்டும். அறிந்ததோ திசையை மட்டுமே. மறுபிறவிக்கான வாதங்களுள் பிறவியுணர்வைச் சான்றாகக் கொள்ளும் இவ்வாதமே வலுக்குறைந்தது.